அதே தரம்தான், மேடம்

விருதம்பட்டில் முனிரத்தினம்
பத்துக் கிலோ பையைத் தோளிலிருந்து இறக்கினார்.
அதே பச்சை.
எந்த ஊர் மலை என்று மூன்று வருடமாகத் தெரியாத அதே மலை.
அதன் முன்னால் பல் தெரியச் சிரிக்கும் நாய்.
"எல்லாம் அதேதாம்மா கீது. ஓனருதான் வேற."

பையைத் திருப்பினேன். அதுதான் என் தொழில்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகக்
கடைசி மேசை என்னுடையது,
அடியட்டையை இழுத்துப் பார்ப்பவள்.
பெட்டியின் முகம் விற்பவனுக்கு,
முதுகு எனக்கு.

முதுகில், எறும்பு எழுத்தில்,
தயாரிப்பாளர் இருந்த இடத்தில் 'சந்தைப்படுத்துவோர்' உட்கார்ந்திருந்தார்.
ஊர் போய் ஒரு டவரின் பெயர். ஏழாவது மாடி.
ஏழாவது மாடியில் கோழியை யார் வேகவைப்பார்கள்?
கோழி முதலாவதாக நின்ற வரிசையில்
இப்போது மக்காச்சோளம்.
கோழி மூன்றாவது, அதுவும்
'கோழி சார்ந்த பொருட்கள்' என்று பட்டம் வாங்கிக்கொண்டு.

வீட்டில் தாசில்தார் காத்திருந்தது.
வாசலில் குறுக்கே படுத்து
பிஸ்கட் வாங்காமல் யாரையும் விடாததால் வந்த பெயர்.
ஒரு கைப்பிடி போட்டேன்.
முகர்ந்தது, தின்றது, கிண்ணத்தை நக்கி நகர்த்தியது.
அதன் சாட்சி செல்லாது.
சைக்கிள் டியூபையும் இதே மரியாதையோடு தின்றிருக்கிறது.

ஐந்தாம் நாள் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பித்தது.
வெயிலாக இருக்கலாம்.
மே மாத வேலூரில் சுவரே சொறிந்துகொள்ளும்.
டாக்டர் எப்சிபா காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"பையைப் படிச்சது போதும்,
காலைல அது போறதைப் படி" என்றார்.
பழைய ஆர்டர் நோட்டில் கட்டம் போட்டேன்.
தேதி, பேட்ச் எண், இறுக்கம், நிறம், குறிப்பு.
என் மகன் அந்த நோட்டைத் தொடுவதில்லை.

அப்புறம் பையிலிருந்த எண்ணுக்குப் போன்.
ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி,
ஒரு புல்லாங்குழலைப் பாதிவரை கேட்டு,
கடைசியில் ஒரு பெண்.
"அதே தரம்தான், மேடம்."

எனக்கு வியர்த்தது.
இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
எங்கள் கம்பெனி கைமாறிய வாரம்
வாங்குபவர் ஒருவர் போனில் கேட்டபோது
மேடம் இருக்கும் இடத்தில் சார் போட்டு
இதையே சொன்னேன், இதே இடத்தில் மூச்சுவிட்டு.
என் பின்னால் அப்போது டின் டின்னாகப்
புதுப் பசை இறங்கிக்கொண்டிருந்தது.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவு.
பொய் இல்லை. எனக்குக் கொடுத்த தாளில்
அப்படித்தான் அடித்திருந்தது.

"எப்ப கை மாறிச்சு?" என்று மட்டும் கேட்டேன்.
கீபோர்டு நின்றது. எங்கோ ஒரு ஃபேன்.
"இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது, மேடம்."
கொஞ்ச நேரம்.
"எத்தனை கிலோ பை வாங்குவீங்க?"
"பத்து."
"ஒரு கிலோ வாங்குங்க, மேடம்."
பிறகு பழைய குரலுக்குத் திரும்பி
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
நோட்டில் குறிப்புக் கட்டத்தில் 'ஒரு கிலோ' என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

பிரித்த பையை முனிரத்தினம் திருப்பி எடுக்கமாட்டார்.
மிச்ச ஏழு கிலோ மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது,
சிரித்துக்கொண்டு.
தாசில்தார் தினமும் போய் அதை மோப்பம் பிடித்துவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறது.

இன்று மதியம் ஒரு ஷூவை இழுத்தேன்.
அடியட்டை நெல் அளவுக்கு வாய் திறந்தது.
சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.
'சரி' முத்திரை மேசைமேலேயே இருக்கிறது.
'நிறுத்து' முத்திரை டிராயருக்குள்,
கம்பெனி கைமாறிய நாளிலிருந்து.
டிராயர் துருப்பிடித்துப் போயிருக்கிறது.
இழுத்துக்கொண்டிருக்கிறேன்.