உறவு: மனைவி

காகித ஆலையின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
நார்மண்ட் திபடோ செத்துப் பத்தொன்பது நாள்.
தொகை அறுபத்தெட்டாயிரம் டாலர்.
நாமினி: குளோடெட்.
குளோடெட் நான்தான்.
விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை.
தேவாலயத்துக்கு எதிரே காரை நிறுத்தி
வைப்பர் பனியைத் தள்ளுவதைக்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

செத்தும் கொடுத்தான் என்று சொல்ல
வாய் வரவில்லை.
இருந்தபோது
ஜீவனாம்சத்தில் மூன்று மாதம் பாக்கி வைத்தவன்.

வியாழக்கிழமை டோனியா வந்தாள்,
அவன் மனைவி.
பின்சீட்டில் ஏழு வயதுப் பையன்
கண்ணாடியில் மூச்சுவிட்டு
அதில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

எங்கள் விவாகரத்துத் தீர்ப்பை
என்னிடம் இல்லாத பத்திரத்தோடு
பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.
வக்கீல் சொன்னதை ஒப்பித்தாள்:
மாநிலச் சட்டம்
முன்னாள் மனைவியின் பெயரைத் தானே அடித்துவிடுமாம்.
ஆனால் கம்பெனி கொடுத்த பாலிசிக்கு
வாஷிங்டன் சட்டமாம்.
அது தாலி கட்டியதையும் பார்க்காது
அறுத்ததையும் பார்க்காது
தாளை மட்டும் பார்க்கும்.
பணம் என் கைக்கு வந்த பிறகு
வேண்டுமானால் வழக்குப் போடலாமாம்.

நான் காபி ஊற்றினேன்.
கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியை
அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்தாள்.
பிறகு கேட்டாள்,
பணத்தைப் பற்றி இல்லை:
"வேண்டுமென்றேதான் விட்டுவைத்தாரா?"

மறந்திருப்பான் என்றேன்.
அவள் நம்பவில்லை.
எனக்கும்
அவள் நம்பாதது
எங்கேயோ ஓர் ஓரத்தில் இனித்தது.
வெட்கம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் போனபின்
கடிதத்தோடு வந்த நகலைத் திருப்பினேன்.
தொண்ணூற்றாறாம் வருடத்துப் படிவம்.
பெயர், பிறந்த தேதி, உறவு: மனைவி.
எல்லாம் என் கையெழுத்து.

அவன் எதையும் நிரப்பியதில்லை.
இரவு ஷிஃப்ட் முடிந்து
கந்தக நாற்றத்தோடு வந்து நின்றான்.
எங்கே போடணும் என்றான்.
ஒரு பெருக்கல் குறி போட்டு, இங்கே என்றேன்.
போட்டான். படுத்துவிட்டான்.

'முதல் நாமினி உயிரோடு இல்லாவிட்டால்'
என்ற வரியில் ஒன்றும் எழுதவில்லை.
இருபத்தாறு வயது எங்களுக்கு.
சாவது யார் வேலையோ.

வெள்ளிக்கிழமை
பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு முடிந்ததும்
மாவு படிந்த ஏப்ரனோடு மாடி அலுவலகத்துக்குப் போனேன்.
என் பாலிசியைக் காட்டச் சொன்னேன்.
ஜெர்ரிலின் திரையை என் பக்கம் திருப்பினாள்.

நாமினி: நார்மண்ட் திபடோ.
உறவு: கணவர்.

பதினோரு வருடமாக
மாதம் நாலு டாலர் பிடித்திருக்கிறார்கள்,
என் சாவை அவனுக்குக் கொடுக்க.
நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேனா?
டோனியா கேட்டால்
என்ன சொல்வேன்?

"மாற்றணுமா?" என்றாள் ஜெர்ரிலின்.
புதுப் படிவம் அச்சாகி வந்தது, சூடாக.
பெயர் என்ற கட்டத்தின்மேல்
பேனா நின்றது.
பிறகு வருகிறேன் என்று
மடித்து ஏப்ரன் பையில் போட்டேன்.

வீட்டு மேஜையில் இன்னொன்று கிடக்கிறது.
நான் வேண்டாமென்றால்
தொகை டோனியாவுக்குப் போகும்.
வேண்டாமென்பதற்கும் ஒரு படிவம்.
ஆண்ட்ராஸ்காகின் ஆற்றில் பனிக்கட்டி பிளப்பது
இங்கேவரை கேட்கிறது.
வாளியில் சொட்டுகிறது.

ஆலை அலுவலகத்தில் யாரோ,
முகம் தெரியாத யாரோ,
கடைசி வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி
போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
இங்கே என்று.