நாற்பத்தொன்றாம் வண்டி

பீட்டர்மாரிட்ஸ்பர்க். சனி இரவு. மண் ஓடுபாதை.
ஒலிபெருக்கி 'படையாச்சி' என்று முடிக்குமுன்
ஊளையிடுகிறது கூட்டம்.
காலி பீர் டப்பா ஒன்று வேலியில் மோதி விழுகிறது.

போன மாதம் ரவீன் நாயக்கரைச் சுவரில் ஏற்றியவன் இவன்.
ரவீன் என்றால் பல்வரிசை,
பிள்ளைகளின் தொப்பியெல்லாம் கையெழுத்து;
இப்போது கழுத்துப்பட்டையோடு
மேடையில் உட்கார்ந்து கையசைக்கிறான்.

ஸ்டீயரிங் கம்பி ஒடிந்துதான் அன்று இடித்தது.
துண்டு என் சட்டைப்பையில் இருக்கிறது.
"காட்டிடட்டுமா, பிரெகா?"
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிறது குரல்:
"விடு. என்னைத் திட்டத்தானே
பாதிச் சனம் டிக்கெட் எடுக்குது."

ஊளை ஏற ஏற
அவன் தோள் தளர்கிறது,
வீட்டுக்கு வந்து காலணி கழற்றியவன் போல.

அந்தக் கம்பியை முடுக்கியது யார் என்று
இன்றுவரை அவன் கேட்கவில்லை.
நான் போனட்டை அறைந்து மூடுகிறேன்.