பெயர் வருமுன்

ஜூன் ஒன்பதாம் தேதி கணவாய் மூடிற்று.
அதற்கப்புறம் பத்தகோனியாவில்
நானும், முந்நூற்றுப் பதினோரு ஆடுகளும்,
ஒரு காது மடிந்த நாயும்தான்.
நாய் என்னைவிட நன்றாகத் தாங்கிற்று.

பேச ஆளில்லாத வீட்டில்
முதலில் கெட்டுப்போவது மாவு அல்ல, வாய்.
மூன்றாம் வாரம் தேநீர்க் கெண்டியைப் பார்த்து
"உட்கார்" என்றேன்.
நாய் உட்கார்ந்தது.

மாலை ஏழு மணிக்கு வானொலி.
மலையில் அடைபட்டவர்களுக்கு வந்த சேதிகளை
ஊரிலிருந்து ஒரு பெண் குரல் வாசிக்கும்.
இன்னாருக்கு: மாத்திரை சனிக்கிழமைப் படகில் வருகிறது.
இன்னாருக்கு: சிவப்புப் பசுவை விற்றாயிற்று, கோபப்படாதே.
ரொசெந்தோ என்ற பெயர் ஒருநாளும் வந்ததில்லை.
எழுத யார் இருக்கிறார்கள் எனக்கு?
ஆனாலும் ஏழு மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
உட்காருவேன்.

கடவுளைப் பற்றி அப்போது
எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.
ஞானஸ்நானம் ஆனவன்தான்.
அம்மை குத்திய தழும்புபோல் அதுவும் ஒன்று.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
"மேல்முகட்டுக் குடிலில் இருக்கும் பவுதீலியோவுக்கு:
எர்மிந்தா பிரசவித்தாள். பெண்.
இரண்டு நாள் பயந்துவிட்டோம். இப்போது இருவரும் நலம்.
ஆண்டவருக்கு நன்றி சொல்.
குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயர் "
அத்தோடு பேட்டரி தீர்ந்தது.

அடுப்போரம் வைத்துச் சூடாக்கினேன். பல்லால் கடித்தேன்.
ஒரு முனகல்கூட இல்லை.

பவுதீலியோவின் வானொலி மே மாதமே
ஆற்றோடு போய்விட்டது; அவனே சொல்லிச் சிரித்தான்.
அவனுக்கும் எனக்கும் நடுவே
குதிரை மார்பளவு பனி, ஒரு முகடு,
பாலம் பெயர்ந்த ஆறு.
இந்த மலையிலேயே என் ஒருவன் கையில்
வேறொருவனுடைய சந்தோஷம்.
கொடுக்க வழியில்லை.
வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை,
மாறி வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டவன்போல.

நன்றி சொல் என்றுதானே சேதி?
அவன் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கிறான்.
பாக்கி நிற்கிறது.
பாக்கி நிற்பது எனக்குப் பிடிக்காது.

கதவைத் திறந்தேன். பனி பெய்வது நின்றிருந்தது.
தொப்பியைக் கழற்றி,
முதலாளியிடம் இன்னொருவன் சம்பளத்தை
வாங்கப் போனவன்போல் சொன்னேன்:
"பவுதீலியோ சார்பில் வந்திருக்கிறேன்.
பெண் பிறந்திருக்கிறது. தாய் பிழைத்தாள். நன்றி."

அவ்வளவுதான்.
வெளிச்சம் எதுவும் இறங்கவில்லை.
நாய் கொட்டாவி விட்டது.
ஆனால் கதவைச் சாத்தியபோது
உள்ளே வந்தது நான் மட்டுமல்ல என்று பட்டது.
எப்படிச் சொல்வது...
அடுப்பில் ஒரு கட்டை கூடுதலாகப் போட்டேன்,
விருந்தாளிக்குப் போடுவதுபோல.

மறுநாள் ஏழு மணிக்கு வானொலி இல்லாமலே
பொத்தானைப் போட்டேன்.
குழந்தைக்காகப் பேசப் போய்ப் பெயரில் திக்கினேன்.
ஒருநாள் ரெமீகியா என்றேன், ஒருநாள் தெலியா,
ஒருநாள் வெறுமே "அந்தச் சின்னது".
எனக்குத் தெரியாத அந்தப் பெயர்
அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள்,
அதுதான் நான் முதன்முதலில் நம்பியது.

அப்புறம் என் கணக்கும் ஊடே நுழைந்துவிட்டது:
குழியிலிருந்து உயிரோடு இழுத்த கிடா,
ஈரம் படாத கடைசித் தீப்பெட்டி,
தானாகவே விட்ட பல்வலி.
ஆகஸ்டில் ஒரே இரவில் முப்பது ஆடுகள் செத்தன.
அன்று நன்றி சொல்லவில்லை. கத்தினேன்.
கத்தவும் ஒருவர் இருந்தார்.

செப்டம்பர் கடைசியில் பவுதீலியோ இறங்கி வந்தான்,
தாடி மார்புவரை, மூக்குத் தோல் உரிந்து.
மாத்தே ஊற்றிக் கொடுத்து,
அவன் முதல் வாய் உறிஞ்சுவதற்குள் சொன்னேன்.
குடுவை கையில் அப்படியே நின்றது.
வெகுநேரம் கழித்து
"நன்றி சொல்லணும்" என்றான்.
"இதுவரைக்கும் நான் சொல்லியாயிற்று.
இனிமேல் உன் பாடு."

"பெயர் என்ன வைத்தார்களாம்?"

தெரியாது என்றேன்.
அவன் சிரித்தானா அழுதானா, அந்தத் தாடிக்குள் தெரியவில்லை.
நாய் அதற்குள்
குதிரையருகே போய் நின்றுகொண்டிருந்தது.