கோசலையின் நீளம்

எங்கள் மென்பொருளில் கோசலைக்கு
நீளம் ஐந்து.
கூப்பிடுகிற வாயில் மூன்று.
வட்டில் இறங்கினால் பதினைந்து.
கல்மண்டபம் டயர் கடைக்கு மேல்மாடி,
மின்விசிறி பாதிதான் சுற்றும்,
இந்த மூன்றில் எது கோசலை என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ரொசாரியோ சொல்வான்:
நிரல்மொழிக்கு எழுத்து தெரிய வேண்டாம்.
பைட்டுகளை வாங்கு, வை, கேட்டால் கொடு.
ஐஸ் பெட்டி தூக்குகிறவன்
மூடியைத் திறந்தா பார்க்கிறான்,
உள்ளே வஞ்சிரமா, வெறும் தண்ணீரா என்று?

எட்டு மாதம் அவன் சொன்னதே சரியாக இருந்தது.
காசிமேட்டில் ஐஸுக்கு டோக்கன்,
விடியற்காலை இரண்டு மணிக்கு
கிர்ரென்று துப்பும் சின்ன அச்சுப்பொறி,
ஈரக்கை பட்டு மை கலங்கும் காகிதம்.
பெயருக்கு ஏழு இடம் ஒதுக்கியிருந்தேன். நான்தான்.
தேசப்பன் வந்தார். தேசப்பனுக்கு எட்டு வேண்டும்.
ஏழில் வெட்டியதும்
கடைசிப் புள்ளி உதிர்ந்துபோனது.
"தேசப்பன."
துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இன்னாமே, என்னக் கன்னடக்காரனா ஆக்கிட்ட?"

திரும்பும் வழியில்
மீன் வெட்டுகிற வரிசையில் சற்று நின்றேன்.
தூக்குகிறவன் திறக்க வேண்டாம், சரி.
வெட்டுகிறவளுக்கு
முள் எங்கே என்று தெரிந்தாக வேண்டுமே.
ரொசாரியோவுக்கு போனில் சொன்னேன்.
"அப்போ வெட்டாதே," என்றான்.

வெட்டாமலும் வந்தது வம்பு.

கோசலை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு:
"அறுவது பெட்டிக்குத் துட்டு கட்னேன்.
பாக்கின்னு காட்டுது உம் பொட்டி."
தேடினேன். பாக்கி இருந்தது.
கட்டிய பணம் இல்லை.
பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனேன்,
கீழே இன்னொரு கோசலை,
அறுபது பெட்டி, கட்டியாயிற்று.
அதே கோ, அதே ச, அதே லை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதேதான்.

பகல் ஷிப்ட் பையன் ஒரே சாவியில் ஓகாரம் போடுகிறான்.
ராத்திரி ஷிப்ட் பையனின் பழைய விசைப்பலகை
முதலில் இரட்டைக் கொம்பு தரும்,
அப்புறம் தனியாக ஒரு கால்.
திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு
ஒரே ஆளாக நிற்கும்.
உள்ளே ஒருத்திக்கு ஐந்து, ஒருத்திக்கு ஆறு.
சமமா என்று கேட்டால்
நிரல்மொழி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்,
இல்லை என்கிறது.

"எம் பேரு மூணு எயுத்து கண்ணு,
அதுல இன்னா கொயப்பம்?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
சுற்றிலும் கூடைகள், ஏலக் கூச்சல்,
காலடியில் ஐஸ் உருகி ஓடுகிற தண்ணீர்.
"சரி பண்றேங்க்கா" என்று மட்டும் வந்தது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன்.
ஒப்பிடும் முன்னால்
எல்லா ஓகாரத்தையும் ஒரே ஓகாரமாக்கு.
ஒகாரம், ஔகாரம், அவற்றையும் விடாதே.
அச்சில் வெட்டுவதானால்
புள்ளியை மெய்யிலிருந்து பிரிக்காதே.
இவ்வளவு போதும் ஒரு மொழிக்கு,
இதற்குக் குறைந்தால் போதாது
என்று ரொசாரியோவுக்கு எழுதினேன்.
கட்டைவிரல் ஒன்று அனுப்பினான்,
அதுவும் நாலு பைட்டு.
காலையில் ஒத்த பெயர்களையெல்லாம் சேர்த்தேன்.
நூற்றுப் பதினேழு இரட்டைகள்
ஒற்றையாயின. டீ குடித்தேன்.

வெள்ளிக்கிழமை வேறொருத்தி வந்தாள்,
திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து,
வெற்றிலை வாயோடு.
"எம் பாக்கிய யாருமே கட்னது?
நான் கட்டலியே."
பெயர் கேட்டேன்.
கோசலை.

பின்னாலேயே முதல் கோசலை.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்,
முப்பது வருஷப் பழக்கமாம்.
எந்த அட்டவணையிலும் இல்லாத வேறுபாட்டை
எப்படி எழுதுவது என்று
நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்க,

"இதுக்குப் போயா?
அவ எறா, நானு சங்கரா.
எயுதிக்க."