கடைசி எட்டுப் பக்கங்கள்

எங்கள் வீட்டில் எந்தப் போரும் முடிந்ததில்லை.
அறுபத்து நான்கு பக்கப் புத்தகம்
ஐம்பத்தாறோடு நின்றுவிடும்.
மிச்சம், சனிக்கிழமை சாயங்காலம்
சௌனா அடுப்புக்குள் போயிருக்கும்.
பிர்ச் மரப்பட்டை ஈரமாயிருந்தால்
கைக்கு எட்டியதை அப்பா கிழிப்பார்.
பெஞ்சுக்கடியில் ஒளித்த எங்கள் போர்க் காமிக்ஸ்
எப்போதும் கைக்கு எட்டியது.

சதுப்பில் பொறுக்கிய மஞ்சள் பெர்ரிக் காசில்
அண்ணன் இஸ்மோ வாங்கியவை அவை.
உள்ளங்கை அகலம், சாணித்தாள்,
கட்டைவிரலில் ஒட்டும் மை.
தாடி மழிக்காத ஆங்கிலேய சார்ஜென்ட்டுகள்
சுத்தமான ஃபின்னிஷ் பேசினார்கள்,
எங்கள் வாத்தியாரைவிட நன்றாக.
ஜெர்மன்காரனுக்கு இரண்டே வசனம்:
வரும்போது 'ஆக்டுங்', போகும்போது 'ஆர்ர்க்'.

உருளைக்கிழங்கு நிலவறைதான் பங்கர்.
இளையவள் என்பதால் எப்போதும்
நானே ஜெர்மன்.
ஏழு விதமாகச் சாகத் தெரியும் எனக்கு.
வேலியில் தொங்கி, பனியில் மல்லாந்து,
கையெறி குண்டைக் குனிந்து எடுத்து
இஸ்மோவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு.
கடைசியாகச் சொன்னது செல்லாது என்றான்.

முடிவில்லாத கதைகளுக்கு
இரவில் முடிவு சொல்லிக்கொண்டோம்.
அவன் முடிவில் பாலம் வெடிக்கும்.
என் முடிவில் சார்ஜென்ட் வழிதவறி
கெமி ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்,
வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறி
ஒரு கோப்பை காபி கேட்பார்.
அதுக்கப்புறம் என்ன என்பான் இஸ்மோ.
அதுக்கப்புறம் இன்னொரு கோப்பை.

எங்கள் பக்கத்தில் ஜெர்மானியர்
முதலில் விருந்தாளிகள்,
பிறகு கொளுத்திவிட்டுப் போனவர்கள்.
புத்தகத்திலோ முதல் பக்கத்திலிருந்தே எதிரிகள்.
எவ்வளவு சௌகரியம்.

அப்பா ஒரே ஒருமுறை
கிழிப்பதை நிறுத்திப் பார்த்தார்.
எரிந்து அடங்கிய கிராமம்; எந்த நாட்டினுடையதோ.
ஓவியன் கறுப்பைக் கொட்டியிருந்தான்,
நடுவில் புகைபோக்கிகள் மட்டும் வெள்ளையாக.
மரம் வெட்டிக் காய்த்த விரலை அதன்மேல் வைத்து
"சரியா வரைஞ்சிருக்கான்" என்றார்,
"அது மட்டும்தான் நிற்கும்."
அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.
அடுத்ததைக் கிழித்தார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன போர்.
மிச்சத்தை ஐலா அத்தையிடம் கேட்டேன்:
ஆறு வயதில், மன்சிக்கி என்ற பசுவின்
கயிற்றைப் பிடித்தபடி சுவீடனுக்கு நடந்தது,
திரும்பி வந்தபோது
கதவைத் தேடிக் கொஞ்சநேரம் நின்றது,
வானத்தின் கீழே தனியாய் நின்ற அடுப்பில்
அன்றைக்கே காபி போட்டது.

போன நவம்பரில் ஔலு பழஞ்சந்தையில்
எட்டு யூரோவுக்கு ஒன்று கிடைத்தது.
அட்டை பார்த்ததும் தெரிந்துவிட்டது.
நின்றபடியே எண்ணினேன்: அறுபத்து நான்கு.
படமெடுத்து மால்மோவுக்கு அனுப்பினேன்.
இஸ்மோவின் பதில் உடனே வந்தது:
'கடைசியில் நீ செத்தாயா?'

காரில் உட்கார்ந்து
எஞ்சினை ஓடவிட்டு வாசித்தேன்.
பாலம் வெடித்தது. அண்ணன் சொன்ன மாதிரியே.
சார்ஜென்ட் எங்கும் வழிதவறவில்லை,
ஒரு மொக்கை ஜோக் சொல்லிச் சிகரெட் பற்றவைத்தார்.
நாற்பத்தேழு வருஷம் காத்திருந்ததற்கு
இதுதானா?

அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வீடு எரிகிறது.
கூரை சரிகிறது, சுவர் சரிகிறது,
கூடவே புகைபோக்கியும்
பொலபொலவென்று உதிர்கிறது.

"தப்பா வரைஞ்சிருக்கான்" என்றேன்,
சத்தமாக,
பக்கத்து இருக்கையில் கிடந்த
என் கம்பளிக் கையுறைகளிடம்.