முப்பத்தொன்று

என் வாத்தியத்துக்கு வேலை குறைவு.
முப்பத்தொரு அடி சும்மா நிற்க வேண்டும்.
முப்பத்திரண்டில் ஒரே ஒரு தடவை
இரண்டு பித்தளைத் தட்டையும் மோத வேண்டும்.
அவ்வளவுதான் சிம்பல்.
"சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டான்
பக்கத்துக் காம்பரா ரொஷாந்தன்.
நின்று பார், தெரியும்.

பொகவந்தலாவையில் எங்கள் மைதானம்
மலையைச் செதுக்கி எடுத்த ஒரு தட்டு.
ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம்.
பந்து போனால் போனதுதான்.
சனிக்கிழமைப் பயிற்சியில், ஒன்பது மணிக்கு முன்னால்,
மூடுபனி இறங்கி
முதலில் கொடிக்கம்பத்தைத் தின்னும்,
பிறகு பேஸ் ட்ரம்மை, அதைச் சுமக்கும் புவனேஷ்குமாரை,
கடைசியில் முன்னே கோல் சுழற்றும் சசிப்பிரபாவை.
(கோல் என்பது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கம்பு,
நுனியில் மினுங்குதாள் சுற்றிய டென்னிஸ் பந்து.)
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
முன்னால் போகிறவளின் சப்பாத்து
ஈரப் புல்லில் சளக் என்பது மட்டும் கேட்கும்.
அந்தச் சளக்கில் என் இடது காலை வைப்பேன்,
என் சளக்கில் நௌஷாத் வைப்பான்.
பள்ளத்தில் இதுவரை யாரும் விழவில்லை.

பேஸ் ட்ரம்மின் தோல் கிழிந்த இடத்தில்
டிக்கோயா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படம் ஒட்டியிருக்கிறோம்.
யாருடையவோ விலா எலும்புகள்
ஒவ்வொரு அடிக்கும் அதிரும்.
ஸ்டெல்லா மேரிக்கு ட்ரம்பெட்.
இழுப்பு வந்தால் மூன்று நாள் வராதவள்
இப்போது அந்த நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கையில்
மூச்சு முட்டுவது எங்களுக்குத்தான்.

வெள்ளைக் காலுறைக்குள் அட்டை ஏறும்.
குனியக் கூடாது.
பிரதம விருந்தினர் மாலையோடு நடந்து முடியும்வரை
அது குடிக்கட்டும், நாம் எண்ணுவோம்.

புதுக் கட்டடம் திறந்த நாளில்
பஜார் வழியே போனோம்.
காலையில் கை காட்டினாலும் நிற்காத ஹட்டன் பஸ்
எங்கள் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து வந்தது.
ஹோர்ன் அடிக்கவில்லை.
எஞ்சின் சூடு முதுகில் பட்டது என்றான் நௌஷாத்.
திரும்பிப் பார்த்தாயா என்றேன்.
பைத்தியமா என்றான்.

வலய விளையாட்டுப் போட்டியன்று
முப்பதாவது அடியிலேயே அடித்துவிட்டேன்.
முந்திய சத்தம்
எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து
இன்னொரு தடவை என்னைக் காட்டிக் கொடுத்தது.
யாரும் நிற்கவில்லை.
புவனேஷ்குமார் என் தப்பின் மேலேயே
ஒரு அடி கூட்டிப் போட்டு
வேண்டுமென்றே செய்ததுபோல் ஆக்கினான்.
அன்றிரவு தகரத்தில் மழை.
அந்தக் கூடுதல் அடியை நினைத்தபடியே கிடந்தேன்.

அடுத்த வாரம், பின்னேரம், கொழுந்து மடுவம்.
அம்மாவின் கொழுந்து கொக்கியில் தொங்க,
தராசு முள் பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவே
ஆடிக்கொண்டிருக்கும்போதே
"பதினேழு" என்று எழுதப் போனார் கணக்கப்பிள்ளை.
பதினெட்டு இல்லாவிட்டால் அரைப்பேர்.
அம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு விலகினாள்,
எல்லா நாளும் விலகுகிற மாதிரி.
எனக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடத் தொடங்கியது.
முள் மெலிந்து மெலிந்து ஆடி
பதினொன்றாவது அடியில் நின்றது.
முந்தாமல், பிந்தாமல்,
"இப்பப் பாருங்க ஐயா" என்றேன்.
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது,
பித்தளைப் பழக்கம்.
பதினெட்டரை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
முள் அசையவில்லை.
எழுதினார்.

வீடு வரைக்கும் அம்மா ஏசினாள்.
பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வாய்,
நாளைக்கு மலையில யாரு நிக்கிறது என்று.
லயத்து வாசலில் கூடையை இறக்கியவள்
கொஞ்ச நேரம் நின்று
"எத்தன எண்ணின?" என்றாள்.

மறுநாள் மடுவத்தில்
வரிசையாகப் பெண்கள் சும்மாதான் நின்றார்கள்.
முள் ஆடியது.
உதடுகள் மட்டும் அசைந்தன,
ஏறக்குறைய ஒன்றாக.
பவளமணி அக்கா கொஞ்சம் முந்துகிறாள்.
சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும்.