இராவுண்ணான்

நெவெச்செர்ஷல்.
இராச்சோறு உண்ணாதவன் என்று பொருள்.
புர்னோ ஆஸ்பத்திரிக் கவுண்டரில்
பெயரைச் சொன்னதும் பேனா நின்றுவிடும்:
கவிஞர் நெவெச்செர்ஷல் உங்களுக்கு...?
இல்லை.
அப்போ செல்லோ வாசிப்பவர்?
அவரும் இல்லைங்க.
நான் டிராம் ஓட்டுகிறேன். நாலாம் தடம்.

என்றோ எவனோ ஒருவன்
வயிற்றில் ஈரத்துணியோடு படுத்திருக்கிறான்.
பஞ்சமா, பெண்டாட்டியோடு சண்டையா,
பேரேட்டில் குறிப்பில்லை.
அந்த ஒற்றை ராப்பட்டினியை
அவர் ஏழு தொகுப்பாக்கினார்.
இவர் நாலு தந்தியில் இழுக்க
அரங்கமே எழுந்து நிற்கிறது.

நானோ
கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டு,
விளக்கை அணைக்காமல்
டப்பாவைத் திறக்கிறேன்.
புளித்த முட்டைக்கோஸ், ஆறிப்போன இரண்டு மாவுருண்டை.
மணி பதினொன்றே முக்கால்.
வழித்துத் தின்கிறேன்,
அவனுக்கும் சேர்த்து.